மஞ்சணத்திக்குளம் விலக்கு

காலேஜுக்கா? இந்நேரத்துக்குப் போய் என்ன செய்யப் போகிறீர்கள்? ஆபீஸைப் பூட்டியிருப்பான். காலையில் வாருங்கள்.

என்ன விஷயமாக?

விலக்கா!

ம். உங்கள் காலேஜ் நிர்வாகம் அனுப்பியதாக்கும். மஞ்சணத்திக்குளம் காலேஜ் எப்படி விலக்கு வாங்கியது, நாமும் மனுப் போடலாமா, பார்த்துவிட்டு வா என்று. உங்களுக்கு முன்னாலும் ஆட்கள் வந்தார்கள். கையில் இதே மாதிரி ஃபைல். மேம்பாலத்தில் இறங்கி நடந்து வந்து இதே மாதிரி முதுகு நனைந்த சட்டை.

உட்காருங்கள். அந்தக் கல் வேண்டாம், எறும்பு. இப்படி வாருங்கள். கோவில்பட்டி பஸ் வருகிற வரைக்கும் எனக்கும் வேலை இல்லை. நாளைக்கு எங்கள் செயலாளரைப் பார்த்தால் குளுகுளு அறையில் உட்கார வைப்பான், முந்திரிப்பருப்பு வைப்பான், திரையில் படம் போட்டுக் காட்டுவான். நீங்களும் தலையை ஆட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுவீர்கள். அதற்கு முன்னால் என்னிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நாலு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

அந்த விலக்கை முன்மொழிந்தவன் நான்தான்.

எழுந்திருக்க வேண்டாம். கும்பிடவும் வேண்டாம். உட்காரும்.

வெயிலுமுத்து. இரும்புக்கடை வெயிலுமுத்து என்றால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். காலேஜ் கட்டுகிறபோது கம்பியெல்லாம் என் கடையில் இருந்துதான் போனது. அன்றைக்குக் கமிட்டியில் போட்டார்கள். இன்றைக்கும் இருக்கிறேன். என்னோடு கமிட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் போட்டோவாகி ஆபீஸ் சுவரில் தொங்குகிறார்கள்.

முதலில் ஒன்று சொல்லுங்கள். நாம் உட்கார்ந்திருக்கிற இந்த இடத்துக்குப் பெயர் என்ன?

போர்டைப் பாருங்கள். வாசியுங்கள். மஞ்சணத்திக்குளம் விலக்கு. நீங்கள் எந்த ஊர்? தஞ்சாவூர்ப் பக்கமா. அதுதான் முழிக்கிறீர்கள். உங்கள் பக்கம் கைகாட்டி என்பீர்கள், பிரிவு என்பீர்கள். பெரிய ரோட்டில் இருந்து ஊருக்குச் சின்ன ரோடு விலகிப் போகிற இடம் எங்கள் பக்கம் விலக்கு. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு விலக்கு உண்டு. விலக்கு இருந்தால் பஸ் நிற்கும். டீக்கடை வரும். ஊருக்கு ஒரு முகம் வரும்.

எங்களுக்குப் பெயர்தான் விலக்கு. பஸ் நிற்காது. நாலுவழிச் சாலை போட்ட நாளில் இருந்து நிற்காது. அந்தா தெரிகிறதே மேம்பாலம், அதற்கு அப்பால் கொண்டுபோய் இறக்குவான். அங்கே இருந்து காலேஜ் பிள்ளைகள் நடந்து வர வேண்டும். எல்லாம் பொம்பளைப் பிள்ளைகள். மரம் கிடையாது, நிழல் கிடையாது, ஒருபக்கம் லாரி. போன ஆவணியில் ஒருத்தியை உரசிவிட்டுப் போய்விட்டான். கை முறிந்தது.

என் மருமகளும் அதில் நடக்கிறவள்தான். முத்தரசி. கெமிஸ்ட்ரி. டாக்டர் பட்டம் வாங்கியவள். என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். இவள் என்னோடு இருக்கிறாள். காலேஜில் தற்காலிகம். கல்யாணம் பேசப் போனபோதே அவள் அப்பாவிடம் நான் சொன்னேன், "நம்ம காலேஜு, நான் கமிட்டியில இருக்கேன், நிரந்தரம் ஆகிரும், கவலைய விடுங்க"ன்னு. நான் சொன்னால் சொன்னதுதான்.

அதனால் ஒவ்வொரு கமிட்டிக் கூட்டத்திலும் நான் கேட்கிற ஒரே கேள்வி, "விலக்கு என்னாச்சு?" பழைய செயலாளர் சொல்வார், "எழுதியிருக்கு அண்ணாச்சி." அடுத்த கூட்டத்தில், "விலக்கு என்னாச்சு?" "திரும்ப எழுதியிருக்கு அண்ணாச்சி." இதுதான் நடந்துகொண்டிருந்தது. எங்கள் கமிட்டியில் விலக்கு கேட்பது என்றால் பஸ் ஸ்டாப் கேட்பது. பியூனைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வான். வேறு அர்த்தமே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழையவர் போட்டோவானார். மகன் செயலாளர் ஆனான். தனுஷ்கோடி. வெளிநாட்டில் படித்தவன். வந்த முதல் மாதமே ஆபீஸில் இருந்த மர நாற்காலியை எல்லாம் தூக்கிவிட்டு சக்கரம் வைத்த நாற்காலி போட்டான். உட்கார்ந்தால் பின்னால் ஓடுகிறது. அதில் உட்கார்ந்துதான் அன்றைக்குக் கூட்டம்.

எங்கள் கமிட்டியில் ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தீர்மானமானாலும் மூத்தவர் முன்மொழிய வேண்டும். மூத்தவர் நான். பேச்சு வளர்ப்பது எனக்குப் பிடிக்காது. பொருளைப் படிப்பான், "முன்மொழியறேன், அடுத்தது" என்பேன். முடிந்தது. கூட்டம் சாப்பாட்டுக்கு முன்னால் முடியும். மற்ற காலேஜில் எல்லாம் பொழுது சாயும் வரை கத்திக்கொண்டு கிடப்பார்களாம். எங்கள் கமிட்டிக்கு ஒழுங்கு வந்ததே என்னால்தான்.

அன்றைக்கு இவன் விளக்கை அணைத்துவிட்டுப் படம் போட்டான். சிறகு என்றான், வானம் என்றான், உலகத்தரம் என்றான். எனக்குச் சர்க்கரை. பசி தாங்காது. கண்ணை மூடினேன். தூங்கவில்லை. கண்ணைத்தான் மூடினேன்.

"அடுத்த பொருள், விலக்குக் கோருவது" என்றான்.

கண்ணைத் திறந்தேன். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்.

"கேளும்யா! இதுல என்ன யோசனை? எத்தனை வருசம்யா கேக்குறது? நேர்ல போங்க, கால்ல விழுந்தாவது வாங்கிட்டு வாங்க. நான் முன்மொழியறேன்!"

முதல்வர் பிரமநாயகம் எழுந்தார். நல்ல படிப்பாளி. குரல்தான் தொண்டையை விட்டு வெளியே வராது. "அண்ணாச்சி, இது கொஞ்சம் யோசிச்சு..." என்றார்.

"என்னத்த யோசிக்கணும்? பிள்ளைக வெயில்ல சாகுது. உமக்குக் கார் இருக்கு. உக்காரும்வே!"

உட்கார்ந்துவிட்டார். தனுஷ்கோடி கையைத் தட்டினான். எல்லோரும் தட்டினார்கள். சாப்பாட்டுக்குப் போனோம். அன்றைக்கு அவியல் நன்றாக இருந்தது.

காகிதம் கொடுத்திருந்தான். கொடுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. புத்தகம் மாதிரி இருந்தது, இங்கிலீஷில். கண்ணாடி கொண்டுபோகவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு எதற்குக் கண்ணாடி?

சிரிக்காதீர்கள். உங்களுக்கு இப்போதே தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

சில மாதம் போனது. ஒருநாள் காலேஜ் வாசலில் பெரிய பிளெக்ஸ். "நம் கல்லூரிக்கு விலக்கு கிடைத்தது! முன்மொழிந்த பெருந்தகைக்கு நன்றி!" ஓரத்தில் என் படம். கல்யாணப் போட்டோவில் இருந்து வெட்டி எடுத்திருக்கிறான், பக்கத்தில் யாரோ ஒருத்தர் தோள் தெரிகிறது. ஊரே குதித்தது. டீக்கடைக்காரன் வெடி போட்டான். "அண்ணாச்சி, எந்தெந்த வண்டி நிக்கும்? மதுரை வண்டி நிக்குமா?" என்று வீட்டு வாசலில் கூட்டம். "எல்லாம் நிக்கும், போங்கடா" என்றேன். ஒருத்தன் இங்கே இளநீர்க்கடை போடுவதற்கு இடம்கூடப் பார்த்து வைத்தான். அந்தா நாலு கம்பு நட்டிருக்கிறதே, அது அவன் நட்டதுதான்.

அன்று சாயங்காலமே பாராட்டு விழா. மேடையில் எனக்குப் பொன்னாடை. தனுஷ்கோடி மைக்கில் சொல்கிறான், "பெரியவங்க மாற்றத்துக்குத் தடையா இருப்பாங்கன்னு சொல்லுவாங்க. நம்ம அண்ணாச்சியைப் பாருங்க. நமக்கு முன்னால ஓடுறாங்க!" கைதட்டல். என்னைப் பேசச் சொன்னார்கள்.

நான் மேடையில் பேசுகிறவன் இல்லை. அன்றைக்குப் பேசினேன். "நம்ம பிள்ளைக இனிமே நடந்து சீரழிய வேண்டாம்" என்றேன். வாத்தியார்மார் வரிசையில் முத்தரசி உட்கார்ந்திருந்தாள். கையைக் காட்டினேன். "அந்தா இருக்காளே என் மருமக, அவ பட்ட பாட்டைப் பார்த்துத்தான் இந்த விலக்கையே நான் கேட்டேன். இனிமே அவளும் காலேஜுக்கு நடக்க வேண்டாம்!"

பின்வரிசையில் யாரோ ஒருத்தன் கெக்கென்று சிரித்தான். பிரமநாயகம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். தனுஷ்கோடிதான் முதலில் தட்டினான். முத்தரசி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் பார்த்ததே இல்லை. கூச்சம் என்று நினைத்தேன். மேடையில் பெயர் சொன்னால் பொம்பளைகளுக்குக் கூச்சம் வரும்தானே.

வீட்டுக்கு வந்தேன். இலை போட்டாள். சோறு வைத்தாள். பிறகு கேட்டாள், "மாமா, எது எதுக்கு விலக்குன்னு வாசிச்சீங்களா?"

"எது எதுக்கா? மதுரை வண்டி, திருநெல்வேலி வண்டி. பாயிண்ட் டு பாயிண்ட் நிக்காதுன்னு நினைக்கேன்."

கரண்டியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

நல்ல வாத்தியாரம்மா அவள். எனக்கே புரிகிற மாதிரி சொன்னாள். "மாமா, காலேஜுன்னா இன்னது இன்னது இருக்கணும்னு அரசாங்கம் விதி வச்சிருக்கு. ஒவ்வொரு துறைக்கும் முழுநேர ஆசிரியர் இருக்கணும். அவங்களுக்கு இன்ன படிப்பு இருக்கணும். ஆய்வகத்துல பிள்ளைங்க தன் கையால செஞ்சு பாக்கணும். இப்ப புதுசா ஒரு வழி விட்டிருக்காங்க. 'இந்த விதியெல்லாம் எங்களுக்கு வேண்டாம், நாங்க வேற மாதிரி நடத்திக் காட்டுறோம்'னு காலேஜு மனுப் போட்டா, அந்த விதியில இருந்து விலக்குக் குடுப்பாங்க. அதைத்தான் நீங்க கேட்டு வாங்கியிருக்கீங்க."

"நான் எங்க கேட்டேன்? நான் பஸ் கேட்டேன்."

"பஸ்ஸுன்னு சொன்னீங்களா மாமா?"

"விலக்குன்னு சொன்னேன்."

அவள் என் இலையில் மோரை ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சொன்னாள். "கெமிஸ்ட்ரி புரபசரம்மா இந்தச் சித்திரையோட ஓய்வு பெறுறாங்க. அந்த இடத்துக்கு முழுநேரமா ஆள் போட்டே ஆகணும்னு ஒரு விதி இருந்துச்சு. அது ஒண்ணைத்தான் நான் நம்பியிருந்தேன். இனி போட வேண்டாம். அதுக்கும் விலக்கு."

இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

தூ! என்ன வார்த்தை அது! மதுவிலக்கு என்றால் குடிக்காதே என்கிறான். வரிவிலக்கு என்றால் கட்டாதே என்கிறான். ரோட்டில் விலக்கு என்றால் இறங்கு என்கிறான். பொம்பளைகளை மூன்று நாள் மூலையில் உட்கார வைத்தால் அதற்கும் வீட்டுவிலக்கு. ஒரே வார்த்தையை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறான்கள். "விதியைத் தூக்கி எறியப் போகிறோம்" என்று பச்சையாகச் சொல்லியிருந்தால் நான் கையைத் தூக்குவேனா? சொல்லுங்கள். தூக்குவேனா?

நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். கேளுங்கள்.

மறுநாள் காலையில் தனுஷ்கோடி அறைக்குப் போனேன். பிரமநாயகமும் இருந்தார்.

"தம்பி, விலக்கை விலக்கு" என்றேன்.

"என்ன அண்ணாச்சி?"

"வாங்கின விலக்கைத் திருப்பிக் குடு. நான் சொன்னது வேற விலக்கு."

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தான் பாருங்கள், சக்கர நாற்காலி சுவர் வரைக்கும் ஓடிப்போய் முட்டியது. "ஐயோ அண்ணாச்சி, பஸ்ஸையா சொன்னீங்க? நான்கூட வீட்டுல போய்ச் சொன்னேன், நம்ம அண்ணாச்சிக்கு இந்த வயசுல என்ன முற்போக்குன்னு!"

பிரமநாயகத்தின் பக்கம் திரும்பினேன். "நீரு படிச்சவர்தானே? அன்னைக்கே சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன் அண்ணாச்சி."

"வந்தீரு. வந்து?"

"உக்காரச் சொன்னீங்க."

உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவதா! இவரெல்லாம் ஒரு முதல்வர். ஒரு காலேஜையே கையில் கொடுத்திருக்கிறது. இரும்புக்கடைக்காரன் ஒரு அதட்டல் போட்டால் மடங்கி உட்காருகிற ஆள், பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பார்? எனக்கு அந்த மனுஷனைப் பார்த்தாலே குமட்டுகிறது. இப்போதும் எதிரே வந்தால் வணக்கம் வைக்கிறார். நான் வைப்பதில்லை.

தனுஷ்கோடி என்னைச் சமாதானம் செய்கிறானாம். கையைப் பிடித்து ஒரு அறைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கெமிஸ்ட்ரி லேப் இருந்த அறை. விலக்கு கைக்கு வருவதற்கு முன்னாலேயே, லீவில் காலி செய்திருக்கிறான். மேஜை இல்லை, குழாய் இல்லை, கண்ணாடிக் குடுவை இல்லை. வரிசையாகக் கம்ப்யூட்டர். ஒன்றை அமுக்கினான். திரையில் ஒரு குடுவை. அதில் மவுஸை நகர்த்தி அமிலத்தை ஊற்றுகிறான். நீலமாகிறது. புகைகூட வருகிறது.

"வாடை எங்கய்யா?" என்றேன்.

"வாடை வராது அண்ணாச்சி. அதுதானே வசதி! கை சுடாது, துணி ஓட்டையாகாது."

"பாடம் யாரு எடுப்பா?"

"சென்னையில இருந்து ஒருத்தர் எடுப்பாரு. பெரிய ஆளு. திரையில வருவாரு. ஒரே நேரத்துல பல காலேஜுக்கு."

"இங்க பிள்ளைக சந்தேகம் கேட்டா?"

"பாத்துக்க ஒரு ஆள் இருப்பாங்க அண்ணாச்சி. மணிக்கணக்குச் சம்பளத்துக்கு."

பாத்துக்க ஒரு ஆள். ஆடு மேய்க்கிற மாதிரி. என் மருமகள் அந்த லேபில்தான் கையில் தழும்போடு நின்று சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகள் சேலை முழுதும் ஓட்டையோடு போகும். அந்த அறைக்குள் போனாலே மூக்கு எரியும். இப்போது ரூம் ஸ்பிரே அடித்து வைத்திருக்கிறான், மல்லிகை வாடை. சீ. வெளியே வந்து துப்பினேன்.

அப்போதுதான் அவன் மெதுவாகச் சொன்னான். "அண்ணாச்சி மனசு கோணக் கூடாது. முத்தரசி மேடத்துக்கு மட்டும் ஒரு விலக்குக் குடுத்திருவோம். மத்த துறையெல்லாம் மணிக்கணக்கு. மேடம் மட்டும் நிரந்தரம். சரியா?"

சரியா என்றால்? சரிதானே! நான் கேட்டது அதுதானே. கோவில்பட்டி வரைக்கும் போய்ச் சேவு வாங்கினேன், அவளுக்குக் காரச்சேவு பிடிக்கும். வீட்டுக்குப் போய்த் தட்டில் கொட்டினேன். "தாயி, முடிச்சிட்டேன். உனக்கு மட்டும் நிரந்தரம்" என்றேன்.

அவள் சேவைத் தொடவில்லை. "மத்தவங்க?" என்றாள்.

"மத்தவங்க அவங்க அவங்க மாமனாரைக் கேக்கட்டும்."

"பிசிக்ஸ் ஞானசுந்தரி என்னோட ஒரே நாள்ல சேர்ந்தவ மாமா. புருஷன் இல்லாதவ. அவ பிள்ளையை வச்சிக்கிட்டு மணிக்கணக்குக்கு வருவா, நான் நிரந்தரமா பக்கத்து ரூம்ல உக்காந்திருக்கணுமா? அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"மூஞ்சியைத் திருப்பிக்கோ."

நான் என்ன தப்பாகச் சொன்னேன்? நடக்கிற காரியத்தைச் சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் வேலையை விட்டுவிட்டேன் என்றாள். கேட்கவில்லை. சொன்னாள். அதுவும் என்னிடம் இல்லை, மஸ்கட்டுக்குப் போனில் சொன்னதை நான் பக்கத்து அறையில் இருந்து கேட்டேன். என் மகன் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, நீங்க கமிட்டியை விட்டு வெளிய வந்திருங்க" என்கிறான். பெண்டாட்டி பேச்சு.

நான் எதற்கு வெளியே வர வேண்டும்? நான் வந்துவிட்டால் உள்ளே தட்டிக் கேட்க யார் இருக்கிறார்கள்? பிரமநாயகமா? நான் இருப்பதால்தான் இந்த அளவுக்காவது ஒழுங்காக நடக்கிறது. போன கூட்டத்தில்கூட ஒரு பொருள் வந்தது. என்னவோ நூலக விஷயம், மறுசீரமைப்பு என்றான். மளமளவென்று வாசித்துக்கொண்டே போனான். மணி ஒன்றாகிவிட்டது. "முன்மொழியறேன், அடுத்தது" என்றேன். முடிந்தது. அப்படி இருந்தால்தான் வேலை நடக்கும்.

அது கிடக்கட்டும்.

அவள் இப்போது கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். ஒன்பதாம் வகுப்பு. டாக்டர் பட்டம் வாங்கியவள், ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு உப்புக்கரைசல் சொல்லிக் கொடுக்கிறாள். காலையில் போனால் சாயங்காலம்தான். வீட்டில் சமைக்கிறாள், துவைக்கிறாள், என் மாத்திரையை எடுத்து வைக்கிறாள். ஒரு குறையும் இல்லை. பேச்சுத்தான் இல்லை. "சாப்பாடு எடுத்து வச்சிருக்கு." இவ்வளவுதான். அதையும் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். மாமா என்கிற வார்த்தையை அவள் வாயில் கேட்டு நாளாயிற்று.

கோபம் யார் மேல் இருக்க வேண்டும்? தனுஷ்கோடி மேல் இருக்க வேண்டும். விதியை வைத்துக்கொண்டு அதற்கு வாசலும் வைத்தானே அரசாங்கம், அவன் மேல் இருக்க வேண்டும். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் மேல் இருக்க வேண்டும். என் மேல் என்ன? நான் யாருக்காகக் கேட்டேன்? அவளுக்காகத்தானே கேட்டேன். இதை அவளிடம் சொல்ல வேண்டும். சொல்ல விட்டால்தானே.

தினமும் வருகிறேன். அந்த இளநீர்க்கடைக் கம்புக்குப் பக்கத்தில் நிற்கிறதே டி.வி.எஸ். அதில்தான். பஸ் இங்கே நிற்காது, மேம்பாலத்தில் இறக்குவான், அவள் இங்கே நடந்து வருவாள். முதல் நாள் மேம்பாலத்துக்கே போய் நின்றேன். பஸ்ஸை விட்டு இறங்கியவள் என்னைப் பார்த்தாள், சாலையைக் கடந்து அந்தப் பக்கமாக நடக்க ஆரம்பித்துவிட்டாள். லாரி வருகிற பக்கம். எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கே போவதில்லை. இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். இங்கே என்றால் ரோட்டோரமாக ஒழுங்காக வருகிறாள்.

அதோ. பஸ். பாருங்கள், நம்மைத் தாண்டும்போது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. விலக்காம் விலக்கு. ஜன்னல் ஓரத்தில் இருந்தாள். இந்தப் பக்கம் பார்த்தாள். இல்லை, போர்டைப் பார்த்திருப்பாள்.

வர நேரமாகும். நீங்கள் என்ன, ஃபைலை மூடி வைத்துவிட்டீர்கள்? எழுதிக்கொள்ள ஒன்றுமில்லையா? உங்கள் காலேஜில் யார் முன்மொழியப் போகிறார்கள்? கமிட்டியில் மூத்தவர் ஒருத்தர் இருப்பாரே. கேட்டு நடக்கிறவரா, என்னை மாதிரி காரியம் முடிக்கிறவரா? சிரிக்கிறீர்கள். நல்ல மனுஷன் என்கிறீர்கள். எல்லோரும் நல்ல மனுஷன்தான்.

எங்கள் பிள்ளைகள் இந்த வருசம் பாதிப் பேர் வேறு காலேஜுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவர்கள் நடக்கத்தான் செய்கிறார்கள். திரையில் பாடம் கேட்க இவ்வளவு தூரம் எதற்கு நடக்க வேண்டும், வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கலாமே என்று கேட்டேன். வருகைப்பதிவு வேண்டுமாம். அந்த ஒரு விதிக்கு மட்டும் விலக்கு இல்லையாம். கேடுகெட்ட பிழைப்பு.

வந்துவிட்டாள். பேசாமல் இருங்கள்.

"தாயி, வண்டி இருக்கு. வெயில் இன்னும் இறங்கலை. ஏறு."

"..."

"இவரு தஞ்சாவூர்ப் பக்கம். காலேஜ் விஷயமா வந்திருக்காரு. நான்தான் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டிருந்தேன். உனக்கு நடந்த அநியாயத்தை... இந்தா, அந்தப் பையையாவது குடு. கனமா இருக்குல்ல? குடு தாயி."

"ஆபீஸு காலையில பத்து மணிக்குத்தான் திறக்கும் சார். தங்குறதுக்கு மேம்பாலத்துக்குப் பக்கத்துல லாட்ஜ் இருக்கு. இருட்டுறதுக்குள்ள போயிருங்க, லாரிக்காரங்க பாத்து வர மாட்டாங்க."

பார்த்தீர்களா? உங்களிடம் பேசுகிறாள். முன்பின் தெரியாத ஆள், உங்களுக்கு லாட்ஜ் சொல்கிறாள், லாரியைப் பார்த்துப் போகச் சொல்கிறாள். எவ்வளவு மரியாதை. வளர்ப்பு அப்படி.

போகிறாள் பாருங்கள். திரும்ப மாட்டாள். ஊர் வரைக்கும் இப்படியே போவாள். சரி, நான் கிளம்புகிறேன்.

என்ன? பெட்ரோலா? இருக்கிறது. டேங்க் நிறைய இருக்கிறது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை, தள்ளிவிட வேண்டாம், கையை எடுங்கள். ஸ்டார்ட் செய்து ஓட்டினால் அவளைத் தாண்டிப் போய்விடுவேன். அதனால்தான். தினமும் இப்படித் தள்ளிக்கொண்டேதான் போகிறேன்.

வழியை விடுங்கள்.